அப்பன் சட்டைக் கசங்கலும் கல்யாணக் கொசுவமும்

கண்ணு,

நீ நல்லா இருக்கிறேன்னு எனக்குத் தெரியும். காலையில பெங்களூர்ல காப்பி டம்ளரைப் போட்டோ புடிச்சு ஸ்டேட்டஸ் வெச்சிருந்தே. நான் நல்லா இல்லை. காச்சல், சளி ஒண்ணும் கிடையாது, பயந்துக்காதே. கோவம். ஒடம்பு பூராக் கோவம். உன்ற அம்மா கோவப்பட்டு நீ பார்த்ததில்லை, கோவத்துல எப்படி எழுதறதுன்னு எனக்கும் பழக்கமில்லை. நடுவுல சிரிப்பு வந்துபோட்டா அதையும் கோவக் கணக்குலயே சேர்த்துக்கோ. அஞ்சாவதோட நின்னவ எழுத்து, கொம்பும் காலும் எடம் மாறித்தான் கெடக்கும். போன்ல டைப் அடிக்க எனக்கு வராது. அதனால பேப்பர்ல எழுதிப் போட்டோ புடிச்சு நம்ம குடும்பக் குரூப்புலயே போடறேன். உனக்குத் தனியா அனுப்பியிருக்கலாம். ஆனா அந்த வீடியோவை நீ குரூப்புலதான போட்டே. போட்ட எடத்துலதான் பதிலும் வரும். பெரியப்பா, பெரியம்மா, மாமன், அத்தை எல்லாரும் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கிட்டு நெதானமாப் படிக்கட்டும்.

வீடியோவைத் தொறந்து பார்க்காதவியளுக்கு நானே சொல்லிப்போடறேன். அடுத்த மாசம் அவிநாசி மண்டபத்துல உனக்குக் கல்யாணம். முந்தின நாள் சாயங்காலம் ரிசப்ஷன்ல லைட்டையெல்லாம் அணைச்சுப்போட்டு, மேடைக்குப் பின்னால இருக்கிற பெரிய திரையில, காலமாகிப்போன உங்கப்பன் ஒரு கதவைத் தொறந்துக்கிட்டு நடந்து வருவாராம். வந்து உங்க ரெண்டு பேர் தலையிலயும் கை வெச்சு ஆசீர்வாதம் பண்ணுவாராம். பின்னால வயலின் வாசிப்பாங்களாம். இதெல்லாம் ஒரு பழைய போட்டோவை வெச்சுக் கம்ப்யூட்டர்லயே செஞ்சது. அந்த வீடியோவுக்குக் கீழ நீ எழுதியிருந்தே பாரு ஒரு வரி, அதுலதான் எனக்கு மொதல்ல பத்திக்கிச்சு. "அப்பா சட்டையில இருந்த க்ரீஸ் எல்லாம் க்ளியர் பண்ணியாச்சு."

க்ரீஸ்னா என்ன கண்ணு? நானும் உனக்குச் சோறு போட்டதே துணியை மடிச்சும் சுருக்கியும்தான், எனக்கே அந்த ஒரு வார்த்தையில எது எதைச் சொல்றேன்னு புரியலை. நம்ம ஊட்டுல தையல் மிஷினுக்குப் பக்கத்துல உக்காந்து பாடம் எழுதி வளந்தவன் நீ. பாவாடைக்கு நூலை உள்ள விட்டு இழுத்தா வர்றது சுருக்கு. ஜாக்கெட்டுல மாருக்குக் கீழ குறுக்கிப் புடிக்கறது டாட்டு. பீரோவுல நாளாக் கெடந்த சீலையில கோடு கோடா வுழுகறது மடிப்பு. பஸ்சுல இடிபட்டு எறங்கினாத் துணியில இருக்கிறது கசங்கல். என்ற கண்ணுக்குக் கீழ இருக்கிறது சுருக்கம், அதுல பாதி உன்னால வந்தது. சீலைக்கு முன்னால வர்றது கொசுவம். இத்தனைக்கும் தனித்தனிப் பேர் இருக்கிறப்போ எல்லாத்தையும் ஒரே பையில அள்ளிப் போட்டு க்ரீஸுங்கறே. ஒரே பேர் வெச்சுட்டா, தொடைச்சு எறியறது சுலபம் பாரு.

உங்கப்பன் சட்டையில இருந்தது கசங்கல். அது எப்படி வந்துச்சுன்னு உனக்குத் தெரியாதா? கோயமுத்தூர் மில்லுல நூல் கோன் ஏத்திக்கிட்டுப் பல்லடத்துத் தறிக்கு டெம்போ ஓட்டின மனுசன். ஜன்னல்ல வலது முழங்கையை வெச்சா வெச்சதுதான், எறங்கற வரைக்கும் எடுக்கமாட்டார். அதனால அந்தக் கை முட்டிகிட்ட மட்டும் துணி விசிறியாட்டச் சுருண்டிருக்கும். முதுகுல சீட்டுத் தடம். நானும் ரோசக்காரியாட்டக் கஞ்சி போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சுக் குடுப்பேன், சூலூர் தாண்டறதுக்குள்ள பழையபடி ஆயிருக்கும். பொழுதோட ஊட்டுக்கு வந்தா வாசல்லயே நிறுத்தி வெச்சுக் கேப்பேன். "ஏனுங், சட்டையைப் போட்டுக்கிட்டுப் போனீங்களா, வாயில வெச்சு மென்னுக்கிட்டுப் போனீங்களா?" அவர் முழங்கையைத் திருப்பிப் பார்த்துப்போட்டு, "நானென்ன பண்ணட்டும் அம்மணி, கதவு மென்னுருச்சு"ம்பார். ஆஸ்பத்திரியில கடைசியா அவர் துணியை ஒரு கவர்ல போட்டு என்ற கையில குடுத்தாங்க. அந்தச் சட்டையில விசிறி அப்படியே இருந்துச்சு. ஊர்த்துணியெல்லாம் தேய்க்கற என்ற இஸ்திரிப்பெட்டியை அந்த ஒரு சட்டை மேல இன்னிக்கு வரைக்கும் வெச்சதில்லை. அதைத்தான் நீ க்ளியர் பண்ணியாச்சுங்கறே.

உன்ற வீடியோவுல வர்ற ஆள் நல்ல ஆள்தான், குறை சொல்லலை. அகலக்கரை வேட்டி, சோப்பு வெளம்பரத்துக்கு வர்றாப்புல சட்டை, எலக்சன்ல நின்னா நானே ஓட்டுப் போடுவேன். ஆனா அவர் யாருன்னு எனக்குத் தெரியாது. கை முட்டி நேரா இருக்குது. நடக்கறப்ப வேட்டியில ஒரு மடிப்புகூட அசையலை, தகரத்துல செஞ்சு மாட்டினாப்புல நிக்குது. எதுத்த ஊட்டு மல்லிகாகிட்டக் காட்டினேன். அவ பார்த்துட்டு, "யாருங்க அக்கா இது, பொண்ணுக்குப் பெரியப்பாவா?"ன்னு கேட்டா. நான் ஆமான்னு சொல்லிப்போட்டேன். எனக்கு வேற வழி தெரியலை.

நீ சின்னதுல இருந்தே இப்படித்தான், கோடு தெரிஞ்சா உனக்கு ஆகாது. பள்ளிக்கூட நீலப் பேண்ட் எடுக்கறப்ப நீளமாவே எடுத்துக் கீழ உள்ள மடிச்சுத் தைச்சு வெப்பேன். நீ வளர வளரப் பிரிச்சு எறக்கி விடுவேன். எறக்கின எடத்துல பழைய மடிப்பு வெளுத்த கோடாத் தெரியும். பசங்க உன்னை ரயில் தண்டவாளம்னு கூப்புட்டாங்கன்னு ஒரு நாள் அழுதுக்கிட்டு வந்தே. மக்கா நாள் பேனா மசியை எடுத்து அந்தக் கோடு பூரா நீயே பூசிக்கிட்டே. தண்ணியில முக்கினதும் மசி ஊறிப்போயி முழங்கால் வரைக்கும் ஊதாவா ஆயிருச்சு. உங்கப்பன் அதைக் கொடியில காயப்போட்டுட்டு, "ஒரு கோட்டை மறைக்கப் போயிப் பேண்டையே மறைச்சுட்டாண்டி உன்ற மகன்"னு அன்னிக்குப் பூராச் சிரிச்சார். நானும் சிரிச்சேன். இப்பச் சிரிப்பு வரலை. அன்னிக்கு நீ பூசினது உன்ற பேண்டுல. இன்னிக்கு எங்க மேல பூசறே.

எங்க மேலன்னுதான் சொல்றேன். அந்த வீடியோவை நான் கடைசி வரைக்கும் பார்த்தேன் கண்ணு. கடைசியில அவருக்குப் பக்கத்துல ஒரு பொம்பளை வந்து நிக்கறா. எங்க கல்யாணப் போட்டோவுல இருந்து எடுத்த என்ற மூஞ்சி. தலை நெறையப் பூ, ரூவா அகலத்துக்குப் பொட்டு, பட்டுச்சீலை. அவளும் கையைத் தூக்கி உங்களை ஆசீர்வாதம் பண்றா. மொதல்ல தொழில்காரியா ஒண்ணு சொல்லிப்போடறேன். அவளுக்குக் கொசுவம் இடுப்புல இருந்து வரலை, முட்டியில இருந்து தொடங்குது. அப்படி ஒரு சீலையைக் கட்டிக்கிட்டு மேடை ஏறினா ஏறின வேகத்துல அவுந்து வுழுகும், ஆசீர்வாதத்துக்கு வந்தவ மானத்தைக் காப்பாத்திக்கிட்டு ஓட வேண்டியதுதான். வீடியோக்காரன்கிட்டச் சொல்லிவை.

இப்ப அம்மாவாச் சொல்றேன். போன வாரம் நம்ம ஊட்டுல உக்காந்து பேசினமே, அதை நீ மறந்திருக்கமாட்டே. பொண்ணுக்கு முகூர்த்தப் பட்டு யாரு கட்டி விடறதுன்னு பேச்சு வந்துச்சு. நான் வாயைத் தொறக்கறதுக்கு முன்னாலயே உங்க பெரியம்மா என்ற தொடையைத் தட்டினாங்க.

"கண்ணு, நீ தப்பா நெனைக்காதே. உன்ற கையாட்ட இந்த ஊர்லயே கொசுவம் வெக்க ஆள் கெடையாது. ஆனா முகூர்த்தச் சீலை பாரு. நாலு சனம் ஏதாச்சும் சொல்லும்."

"எந்தச் சனமுங்க அக்கா?"ன்னேன்.

"சனம்னாச் சனந்தான். அதுக்குப் பேரா இருக்குது? சுமங்கலி கை பட்டா நல்லதுன்னு ஒரு சாங்கியம். நீ எங்கீம் போகப்போறதில்லை. உள்ள ரூம்புல தாம்பூலப் பையெல்லாம் எடுத்துக் குடுக்க நம்பிக்கையா ஒரு ஆள் வேணுமில்ல?"

உங்க பெரியம்மா மேல எனக்குக் கோவமில்லை. அக்கா, நீங்க இதைப் படிச்சுக்கிட்டு இருப்பீங்க, உங்க மேல கோவமில்லீங்க. உங்களுக்குச் சொல்லிக் குடுத்ததை நீங்க சொன்னீங்க. நான் இவனைத்தான் பார்த்தேன். இவன் போனைத் தடவிக்கிட்டே, தலையத் தூக்காம, "பெரியம்மா சொல்றதுலயும் ஒரு பாயிண்ட் இருக்கும்மா. நாம எதுக்கு ரிஸ்க் எடுக்கணும்?"னான். ரிஸ்க்கு. உன்னைப் பெத்து எடுத்ததுகூட ரிஸ்க்குத்தான்டா. வயித்துல தலை திரும்பாம நின்னே, டாக்டரம்மா ஆகாதுன்னாங்க. நான் ஒரு பாயிண்ட் இருக்குதுன்னு எந்திரிச்சு ஊட்டுக்கு வந்துட்டனா?

ஆக, படத்துல இருக்கிற நான் பூவும் பொட்டுமாத் தலையில கை வெச்சு ஆசீர்வாதம் பண்ணலாம். ஊட்டுல இருக்கிற நான் சீலையைத் தொடக்கூடாது. உசுரில்லாத மனுசனைத் தேய்ச்சு மடிச்சு மேடையில நடக்க விடறே, உசுரோட இருக்கிறவளைப் பாவாடை ஓரத்தாட்ட உள்ள மடிச்சுத் தையல் போடறே. கிழியாம இருக்கறதுக்குத்தான் ஓரத்தை உள்ள மடிக்கறது. நான் எதுல கிழிஞ்சுபோனேன்னு சொல்லு, கேட்டுக்கறேன்.

உனக்குத் தெரியாத ஒண்ணைச் சொல்றேன். இல்லை, தெரியும், நீ யோசிச்சுப் பார்த்ததில்லை. உங்கப்பன் போனதுக்கப்பறம் பார்லர் வெச்சிருக்கிற கவிதா என்னைத் தேடி வந்தா. கல்யாணத்தன்னிக்குப் பொண்ணுக்குக் கொசுவம் எடுக்க நேரம் பத்தறதில்லை, முன்னாலயே கொசுவமும் முந்தியும் மடிச்சுக் கிளிப்புப் போட்டுத் தேய்ச்சுக் குடுங்கக்கான்னு கேட்டா. சரின்னேன். மொத சீலையை எடுக்கறப்பவே ஒரு மாதிரித் தயங்கிக்கிட்டு, "நீங்க மண்டபத்துக்கெல்லாம் வந்து அலைய வேண்டாமுங்க அக்கா, நானே வந்து வாங்கிக்கறேன்"னா. எவ்வளவு மரியாதை பாரு. நான் புரிஞ்சுக்கிட்டு, "வரலை கண்ணு, எனக்கும் மண்டபச் சோறு சேர்றதில்லை"ன்னேன். அன்னையில இருந்து இந்தச் சுத்துவட்டாரத்துல பாதிக் கல்யாணத்துல பொண்ணு கட்டிக்கிட்டு உக்கார்ற கொசுவம் நான் வெச்சது. அன்னூர், கருமத்தம்பட்டி, அந்தப் பக்கம் சத்தியமங்கலம் வரைக்கும் போகுது. கவருக்குள்ள போகுது. கவருக்குள்ள போனா அது எந்தக் கைன்னு ஒருத்தருக்கும் தெரியறதில்லை, ஒரு குடும்பத்துக்கும் ஒண்ணும் ஆகறதில்லை. ரெண்டு கல்யாணம் நின்னுபோச்சு, அதுல ஒண்ணு மாப்பிள்ளை வேற பொண்ணோட போனது, இன்னொண்ணு மண்டபத்துக்காரன்கூடச் சண்டை. கொசுவம் என்ன பண்ணும்? முந்தின வருசம் தையில உங்க பெரியம்மா மகளுக்குக்கூடக் கவிதாதான் கட்டி விட்டா. அக்கா, அந்த மாம்பழக்கலர் பட்டு இங்க இந்தக் கட்டில் மேலதாங்க கெடந்துச்சு. உங்க பேத்தி நல்லாத்தான இருக்குது?

உனக்குப் புத்தி சொல்றதுன்னா உங்கப்பனை வெச்சுத்தான் சொல்லணும். எந்தக் கல்யாணங்காச்சிக்குக் கெளம்பினாலும் நான் கொசுவத்தைச் சொருகினதும் அவர் கீழ குந்திக்குவார். கால்கிட்ட ஒவ்வொரு மடிப்பா நீவிப் புடிச்சு இழுத்து விடுவார். டெம்போ ஓட்டற கை, மொரமொரன்னு இருக்கும், பட்டுல சிக்கும், நான் திட்டுவேன். ஒருக்கா உங்க பெரியம்மா கதவுகிட்ட நின்னு பார்த்துட்டு, "ஏனுங் கொழுந்தனாரே, பொண்டாட்டி காலடியில குந்தீட்டீங்க?"ன்னாங்க. அவர் தலையத் தூக்காம, "கொசுவம் இங்கதானுங்க அண்ணி இருக்குது, மேல நின்னுக்கிட்டு எப்படிப் புடிக்கறது?"ன்னார். அவ்வளவுதான் அந்த மனுசன். யாரு தலையிலயும் கை வெச்சு அவர் ஆசீர்வாதம் பண்ணி நான் பார்த்ததில்லை, கூச்சப்படுவார். உன்ற வீடியோக்காரன்கிட்டக் கேளு, அந்த ஆளைக் குந்த வெக்க முடியுமான்னு. முடிஞ்சா நானும் மொத வரிசையில உக்காந்து பார்க்கறேன். முடியாதுன்னா நீ குந்திக் கத்துக்கோ. கல்யாணத்துக்கப்பறம் அந்தப் புள்ளை கொசுவம் சொருகறப்ப நீ கட்டில்ல படுத்துக்கிட்டுப் போனைத் தடவிக்கிட்டு இருந்தேன்னு என்ற காதுக்கு வந்துச்சுன்னா அப்ப இருக்குது உனக்கு.

அந்தப் புள்ளைன்னதும் சொல்றேன். நேத்து கீர்த்தனா ஸ்கூட்டர்ல வந்தா. உனக்குக் கட்டிக்கப்போறவதான், அவ வந்தது உனக்குத் தெரியாது. கையில முகூர்த்தப் பட்டு. "பார்லர்ல குடுத்தாலும் உங்ககிட்டத்தான வருமுங்க அத்தை, அதான் நானே கொண்டுட்டு வந்துட்டேன்"னா. நான், "உங்க ஊட்டுக்காரர் ரிஸ்க்குன்னு சொல்லியிருக்கறாரே அம்மணி"ன்னேன். அவ சிரிக்கலை. "அவர் என்கிட்டயும் சொன்னாருங்க. அதுக்குத்தான் வந்தேன். நீங்க மடிச்சுக் கவர்ல போட்டுக் குடுத்துருங்க, யாருக்கும் தெரியவேண்டாம். எனக்கு உங்க கைதான் வேணும்"னா. டீ போடற சாக்குல உள்ள போயிட்டேன். கோவிச்சுக்காதே கீர்த்தனா அம்மணி, நீ ரகசியமாச் செஞ்சதை நான் ஊர் பூராச் சொல்லிப்போட்டேன். நீ ஆசையாத்தான் கேட்டே. ஆனா கவர்ல போட்டுத் தரச் சொன்னே பாரு, அதைத்தான் என்னால செய்ய முடியலை.

சீலை கட்டில் மேல விரிச்சபடியே கெடக்குது. காலையில இருந்து பார்க்கறேன். அரக்குக்கலர், கரையில பச்சை, நல்ல கனம். ஒரு மடிப்புகூட நான் வெக்கலை. ஊர்ப்பொண்ணுகளுக்குக் கவருக்குள்ள ஒளிஞ்சு வேலை செஞ்சேன், அது பொழப்பு, அதுல எனக்கு வெக்கமில்லை. பெத்த மகன் கல்யாணத்துல நான் ஒளியமாட்டேன். முகூர்த்தத்தன்னிக்குக் காலையில பொண்ணு ரூம்புக்குள்ள எல்லாரும் பார்க்க நான் வருவேன். கதவு தொறந்திருக்கோணும். என்ற கையால கொசுவம் எடுத்துச் சொருகி விட்டு, நானே அவ கையைப் புடிச்சு மேடைக்குக் கூட்டிக்கிட்டு வருவேன். இதுக்கு நீ சரிங்கோணும். எனக்குச் சொன்னாப் பத்தாது, உங்க பெரியம்மாகிட்ட நீ சொல்லோணும், உன்ற வாயால. அந்த வீடியோவும் வேண்டாம். உங்கப்பனை நான் கூட்டிக்கிட்டு வரும்போது அவர் எப்படி வரணுமோ அப்படி, கை முட்டி கசங்கின சட்டையோடவே வருவார்.

முடியாதுன்னா முடியாதுன்னு எழுது. சீலையை அப்படியே எடுத்துப் போய் அந்தப் புள்ளை கையில குடுத்துட்டு வந்துருவேன். கல்யாணத்துக்கு வருவேன், சாபமெல்லாம் விடமாட்டேன், பயப்படாதே. சாமானெடுத்துக் குடுக்கற ரூம்புல இருக்கமாட்டேன். ஊரார் உக்கார்ற நாற்காலியில உக்காந்து, தாலி கட்டறதைப் பார்த்து அரிசி போட்டுட்டு, பந்தியில சாப்புட்டுட்டு, வாசல்ல குடுக்கற தாம்பூலப் பையை வாங்கிக்கிட்டு பஸ் ஏறிருவேன். மாப்பிள்ளைக்கு நீங்க என்ன வேணும்னு பக்கத்துல யாராச்சும் கேட்டா, தெரிஞ்சவிய ஊட்டுக் கல்யாணம்னு சொல்லிக்குவேன். பொய் சொல்லி எனக்குப் பழக்கமாயிருச்சு, மல்லிகாகிட்டச் சொன்னேனில்ல.

நாளைக்கு மத்தியானம் வரைக்கும் இஸ்திரிப்பெட்டியைச் சூடு பண்ணாம வெச்சிருப்பேன். பதிலைத் தனியா அனுப்பாதே, போன் பண்ணி அழாதே, இந்தக் குரூப்புலயே எல்லாரும் பார்க்கப் போடு. கட்டைவெரல் படம் போட்டா செல்லாது. எழுத்துல வரணும்.

இப்படிக்கு,
உசுரோட இருக்கிற
உன்ற அம்மா